வெட்டுவதற்கு முன்னால் வாசலுக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எழுதுகிறேன். 2007லேயே ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், ஆனாலும் எங்கள் வாயில் இன்னும் பெர்ஜுந்தைதான் வருகிறது, மாற்றிக்கொள்ளும் வயசும் எனக்கு இல்லை. முப்பத்தொரு வருடம் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக, இருந்தவன். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்பது, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதுவது, மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடிக்க வேண்டியதைப் பிடிப்பது, இதுதான் வேலை. பிடிப்பில் கரண்டுக் காசும் ஒன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுத வந்தது வீடுகளுக்குக் கரண்ட் வெட்டுவதைப் பற்றி, நானும் ஒரு காலத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன்தான்.

சில வாரங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும், எங்கள் வரிசையில் நாலாவது வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “கிராணி ஐயா, உங்க வீட்டுல கரண்ட் இருக்கா?” என்று கேட்டார். என் வீட்டில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. சரி, அவர் வீட்டில் டிரிப் ஆகியிருக்கும் என்று போய்ப் பார்த்தேன், சுவிட்ச் எல்லாம் மேலே பார்த்தபடிதான் இருந்தன, இறக்கி ஏற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஏணியோடு யாரும் வரவில்லை, வேன் வரவில்லை, மீட்டர் பெட்டியை யாரும் தொடவில்லை. அரை மணி நேரம் இரண்டு பேரும் பழுது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஜொகூரில் வேலை செய்யும் அவருடைய மகனுக்குப் போன் போட்டபோதுதான் தெரிந்தது, மூன்று மாத பாக்கி, 312 வெள்ளி (ரிங்கிட்), எச்சரிக்கை எல்லாம் அவன் ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. அவன் அந்த ஈமெயிலைத் திறந்தே ஒரு வருடம் இருக்கும். கணக்கு இன்னும் செத்துப்போன அப்பா பெயரில் இருக்கிறது. தாளில் வந்துகொண்டிருந்த பில்லை நிறுத்தி ஈமெயிலுக்கு மாற்றியதும் அந்த மகன்தான், அம்மாவுக்கு வேலை மிச்சம் என்று நல்ல மனசோடு செய்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடனை வாங்கி, காசைத் திரட்டி, கட்டுவதற்குள் அலுவலகம் மூடிவிட்டது. தொலைபேசியில் பிடித்தால் ஒரு இயந்திரம் மலாயில் பேசுகிறது, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது. போனிலேயே பணம் கட்டலாம் என்று பேரப்பிள்ளை சொன்னாள், கட்டினோம், ஆனாலும் கரண்ட் திங்கட்கிழமை பகலில்தான் வந்தது. மூன்று ராத்திரி. என் வீட்டிலிருந்து வேலிக்கு மேலே ஒயர் இழுத்து ஒரு காற்றாடியும் ஒரு லைட்டும் கொடுத்தோம். இது ஆபத்தான வேலை என்று எனக்குத் தெரியும், மழை வேறு தூறிக்கொண்டிருந்தது, வேறு வழி தெரியவில்லை. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, இன்சுலின் போடுகிறவர். மருந்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். பேத்தி எஸ்பிஎம் என்ற ஐந்தாம் படிவத் தேர்வு எழுதப் போகிறவள், மூன்று ராத்திரியும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தாள்.

கம்பெனியின் பெயரை நான் எழுதவில்லை, எழுதவும் போவதில்லை. அவர்கள் விதியை மீறினார்கள் என்றும் சொல்ல வரவில்லை, விதிப்படிதான் செய்திருப்பார்கள். விதியே அப்படி இருக்கிறது என்பதுதான் என் குறை.

முன்பெல்லாம் எப்படி வெட்டுவார்கள்? ஒரு ஆள் மோட்டாரிலோ வேனிலோ வருவான். கேட்டுக்கு வெளியில் நின்று பெயரைக் கூப்பிடுவான். வீட்டுக்காரம்மா ஓடி வந்து, “தம்பி, இன்னிக்குச் சம்பளம் போட்டிருப்பாங்க, நாளைக்குக் கட்டிடறேன்” என்று சொல்வார். அவனும் மனுஷன்தானே, உள்ளே எட்டிப் பார்ப்பான், பாயில் படுத்திருக்கும் கிழவரைப் பார்ப்பான், தொட்டிலைப் பார்ப்பான். சில பேர் கேட்காமல் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நிறைய பேர், “சரிம்மா, திங்கக்கிழமை வரேன், அதுக்குள்ள கட்டிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது எந்தச் சட்டத்திலும் எழுதின சலுகை இல்லை. வாசல் வரைக்கும் வந்ததால் கிடைத்த சலுகை. இப்போது ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டது, எங்கேயோ குளுகுளு அறையில் இருக்கும் கணினியிலிருந்து வெட்டலாம். மீட்டர் பார்க்க ஆள் வர வேண்டியதில்லை, கணக்குச் சரியாக இருக்கிறது, அதெல்லாம் நல்லதுதான், ஆனால் வாசலுக்கு வந்த அந்த ஆளும் அதோடு போய்விட்டான்.

தோட்டத்தில் நாங்கள் வெட்டியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, காரணம் வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இஞ்சின் கரண்ட்தான், சாயங்காலம் ஆறு மணிக்குப் போடுவார்கள், பத்து மணிக்கு நிற்கும், அது எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், ஒரு வீட்டுக்கு மட்டும் நிறுத்த முடியாது. பிறகு வெளிக் கரண்ட் வந்தது, சம்பளத்தில் பிடித்தோம். மழை மாதத்தில் பால்வெட்டு பாதி நாள் இருக்காது, சம்பளச் சீட்டைப் பார்த்தால் கடைக்காரன் பாக்கிக்கே காணாது, அப்போது கரண்டுப் பிடிப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளி எழுதுவேன். துரை, அதாவது தோட்ட மேனேஜர், முணுமுணுப்பார். ஆனால் அவருக்கும் தெரியும், ராத்திரி இருட்டில் கிடந்தவன் விடியற்காலை பெரட்டுக்கு வரமாட்டான், வந்தாலும் மரத்தைக் காயப்படுத்திவிட்டுப் போவான். அதாவது ஆள் வேலைக்கு வேண்டியிருந்தது, அதனால் வெளிச்சம் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்குச் சட்டமும் ஒன்று இருக்கிறது, 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446, குடியிருப்பு கொடுக்கும் தோட்டம் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் லைன் வீட்டை விட்டு வெளியே வந்த நாளோடு அந்தச் சட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் முடிந்தது. தோட்டம் கைமாறி, லைன் வீடுகளை இடித்து, தாமான் என்ற குடியிருப்புப் பகுதியில் மலிவு விலை வீட்டுக்கு வந்த எத்தனையோ பேர் அறுபது வயசுக்கு மேல்தான் முதல் முதலாகத் தங்கள் பெயரில் ஒரு பில்லைக் கையில் வாங்கினார்கள். அதுவரை கிராணி பார்த்துக்கொண்டான், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் ஓடியது.

உதவியே இல்லை என்று சொன்னால் அது பொய். ஏழைக் குடும்பங்களைப் பதிவு செய்யும் ஈகாசே என்ற அரசாங்கப் பட்டியலில் பரம ஏழை, அதாவது மிஸ்கின் தெகார், என்று பதிவான குடும்பத் தலைவருக்கு மாதம் 40 வெள்ளி வரை கரண்டு பில்லில் அரசாங்கம் கழித்துக்கொடுக்கிறது. 40 வெள்ளி என்றால் ஏறக்குறைய 200 யூனிட், ஒரு சின்னக் குடும்பம் சிக்கனமாக இருந்தால் ஓட்டிவிடலாம். ஆனால் பரம ஏழை என்று யாரைச் சொல்கிறார்கள் தெரியுமா? 2022 கணக்குப்படி ஒரு சராசரிக் குடும்பத்துக்கு ஏழ்மைக் கோடு மாதம் 2,589 வெள்ளி, பரம ஏழ்மைக் கோடு 1,198 வெள்ளி. அந்த நாலாவது வீட்டு அம்மாவின் மகள் தொழிற்சாலையில் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறாள், 1,700. நாலு பேர் சாப்பிட வேண்டிய ஒரே சம்பளம் அது, ஓவர்டைமையும் நிறுத்திவிட்டார்கள். ஏழ்மைக் கோட்டுக்குக் கீழே, பரம ஏழ்மைக் கோட்டுக்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த 40 வெள்ளி கிடையாது. எங்கள் தாமானில் பாக்கி வைக்கிற வீடுகளை நான் விரல்விட்டு எண்ணுவேன், முக்கால்வாசி இந்த நடுவில் உள்ளவர்கள்தான்.

இன்னொன்று, இதை யாரும் பேசக் காணோம். குறைவாகக் கரண்ட் எடுப்பவன் ஏழை, நிறைய எடுப்பவன் பணக்காரன் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் வந்து பார்க்க வேண்டும். மூன்று படுக்கையறை மலிவு வீட்டில் மூன்று குடும்பம் இருக்கிறது, அண்ணன், தம்பி, கல்யாணமான தங்கை, மூன்று குடும்பத்துக்கும் ஒரே மீட்டர். பழைய கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 2025 ஜூன் வரை இருந்தது: முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100க்கு 33.4 சென், அதற்கு மேல் 600 வரைக்கும் 51.6 சென். மூன்று குடும்பமும் சேர்ந்து 500 யூனிட் எடுத்தால் பில் 180 வெள்ளி வரும். அதே 500ஐ ஆளுக்கொரு வீட்டில், ஆளுக்கொரு மீட்டரில் எடுத்திருந்தால் மொத்தம் 109 வெள்ளிதான். தனி வீடு எடுக்க வசதி இல்லாத காரணத்துக்காக மாதம் 71 வெள்ளி கூடுதல். 2025 ஜூலையில் கட்டண முறையையே மாற்றினார்கள், 600 யூனிட்டுக்கு உள்ளே எடுப்பவர்களுக்கு 10 வெள்ளிச் சில்லறை விற்பனைக் கட்டணம் இல்லை, சிக்கன ஊக்கத்தொகை என்று ஒன்றும் உண்டு, ஆனால் அதுவும் மொத்த யூனிட் ஏற ஏறக் கரைந்துகொண்டே போகும். மீட்டருக்கு வீடுதான் தெரியும், உள்ளே எத்தனை பேர் என்பது தெரியாது.

சர்க்கரை வியாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை விட்டுவிட்டால் என் வீட்டுக்காரி கோபித்துக்கொள்வாள், இரண்டு பேருக்குமே இருக்கிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். திறந்துவிட்ட இன்சுலின் பேனா ஒரு மாதம் வரை வெளியில் தாங்கும் என்று கிளினிக்கில் சொல்வார்கள், அதுவும் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, தகரக் கூரை போட்ட அடுப்படியில் மத்தியானம் எத்தனை டிகிரி என்று யோசித்துப் பாருங்கள். திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இனி ஆக்ஸிஜன் இயந்திரம் வைத்திருப்பவர், மூச்சுத் திணறலுக்கு ஆவி பிடிக்கும் பிள்ளை, இவர்கள் வீட்டில் கரண்டை நிறுத்துவது என்றால் என்ன என்று நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெரியாது. அதனால்தான் வந்து கேளுங்கள் என்கிறேன்.

என் கோரிக்கை இவ்வளவுதான். ஒரு வீட்டுக்குக் கரண்டை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு ஆள் நேரில் வந்து, கதவைத் தட்டி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும், அது கட்டாயமாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையிலும் பெருநாளுக்கு முந்தின நாளிலும் வெட்டக் கூடாது. நோயாளி இருக்கும் வீட்டில் வெட்டவே கூடாது, தவணை போட்டு வாங்கிக்கொள்ளட்டும். மற்ற வீடுகளிலும் ஒரேயடியாக இருட்டாக்காமல் குறைத்துக் கொடுக்கலாமே. தூரத்திலிருந்து வெட்டத் தெரிந்த மீட்டருக்குக் குறைத்துக் கொடுக்கத் தெரியாதா? பிரான்சில் அதைத்தான் செய்கிறார்கள். அங்கே குளிர் மாதங்களில், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, குடியிருக்கும் வீட்டுக்குப் பாக்கிக்காகக் கரண்டை வெட்டக் கூடாது என்று சட்டம், அதற்கு மேல் அங்குள்ள பெரிய மின் நிறுவனம் 2022லிருந்து வருடம் முழுக்கவே வெட்டுவதை விட்டுவிட்டு, பாக்கிக்கார வீட்டுக்கு 1 கிலோவாட் அளவுக்கு மட்டும் விடுகிறது. லைட் எரியும், காற்றாடி சுற்றும், குளிர்ப்பெட்டி ஓடும், போன் சார்ஜ் ஏறும். கெட்டிலைப் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடும். வசதிக் குறைவுதான், பாக்கியைக் கட்டச் சொல்லி உறுத்திக்கொண்டேதான் இருக்கும், ஆனால் யாரும் இருட்டில் கிடக்க மாட்டார்கள், மருந்தும் கெடாது. அவர்களுக்குக் குளிர், நமக்கு வெயில், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, “வீட்டுக் கூரையில ஆஸ்ட்ரோ டிவி தட்டு இருக்கு, கரண்டு பில்லு மட்டும் கட்ட முடியாதா?” என்பார். கோயில் கூட்டத்திலேயே என்னிடம் கேட்டார்கள். அப்படிப்பட்ட வீடும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தட்டு பல வீட்டில் துருப்பிடித்து எந்தக் காலத்திலோ நின்றுபோனது, கழற்ற ஏணி இல்லாமல் அப்படியே இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று நான் எழுதவில்லை. பாக்கி பாக்கிதான், கட்டத்தான் வேண்டும். கணக்குத் திறக்கும்போதே ஏறக்குறைய இரண்டு மாதப் பில் அளவுக்கு முன்பணம் வாங்கி வைத்திருக்கிறார்கள், அவர்கள் கை வெறுங்கை இல்லை. வெட்டினால் காசு வரும் என்பதும் பாதி உண்மைதான். நாலாவது வீட்டில் வந்த காசு எங்கிருந்து வந்தது? 150 அடகுக்கடையிலிருந்து, 100 என்னிடமிருந்து, மீதி ஜொகூர் மகன் வட்டிக்கு வாங்கியது. உரிமம் இல்லாத வட்டிக்காரன் ஆலோங்கிடம் இல்லை என்று சொன்னான், நம்ப வேண்டியதுதான். கம்பெனியின் கணக்கில் பாக்கி தீர்ந்தது, அந்த வீட்டில் மூன்று பாக்கி புதிதாக முளைத்தது.

முன்கூட்டியே காசு போடும் பிரிபெய்டு மீட்டர் வைத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று ஒரு நண்பர் சொன்னார். வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தில் பாக்கி வைத்த வீடுகளுக்குள் நீதிமன்ற உத்தரவோடு புகுந்து இந்த மாதிரி மீட்டரை மாட்டி, 2023 தொடக்கத்தில் அது பெரிய விவகாரமாகி, கட்டாயமாக மாட்டுவதை மின் கம்பெனிகளே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. காசு தீர்ந்தால் கரண்ட் தானாக நிற்கும், யாரும் வெட்டவில்லை என்று கணக்கில் இருக்கும். வெட்டுகிற வேலையையும் ஏழையின் கையிலேயே கொடுப்பது அது. ஆனால் அதே இங்கிலாந்தில் 1999லேயே சட்டம் போட்டு, பாக்கிக்காக வீட்டுத் தண்ணீரை வெட்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ளலாம். தண்ணீர் விஷயத்தில் எங்கள் சிலாங்கூர் பரவாயில்லை, தகுதியுள்ள குடும்பத்துக்கு மாதம் 20 கன மீட்டர் இலவசம், அதனால் தண்ணீர் பாக்கியால் அவதிப்படும் வீடு எங்கள் பக்கம் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. தமிழ்நாட்டில் 2016லிருந்து எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அங்கே போய்விட்டு வருகிறவர்கள் சொல்லிச் சொல்லி எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

நம் நாட்டில் முடியாத காரியமும் இல்லை. 2020ல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வெட்டுவதைத் தள்ளிவைத்தார்கள், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மாதம் 77 வெள்ளி வரை எல்லா வீட்டுக்கும் கழித்தும் கொடுத்தார்கள். அப்போது மலேசியா இருண்டு போகவில்லையே. இப்போது மின்சாரமும் தண்ணீரும் ஒரே அமைச்சின் கீழ் இருக்கிறது, மின்சாரத்துக்கு விதி போட சுருஹான்ஜாயா தெனாகா என்ற எரிசக்தி ஆணையம் இருக்கிறது, வெட்டுவதற்கு முன் ஆள் நேரில் போக வேண்டும் என்று ஒரு விதி எழுத எத்தனை பக்கம் வேண்டும்? எங்கள் ஒய்.பி.யிடம், அதாவது தொகுதிப் பிரதிநிதியிடம், இதையே மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் இரண்டு முறை நன்றிக் கடிதம் வந்தது. மூன்றாவது முறைக்கு அதுவும் வரவில்லை.

கம்பெனி வேலைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஏணி தூக்கிக்கொண்டு வந்து நாய்க் கடியும் வசவும் வாங்கியவர்கள் நீங்கள்தான், இனி வர வேண்டாம் என்று சொன்னால் உங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும். மீட்டர் பார்க்க வந்த ஒருவர் எங்கள் வீட்டில் கோப்பி குடித்துவிட்டுப் போவார், பதினைந்து வருடப் பழக்கம், புது மீட்டர் வந்ததோடு அவரையும் காணோம்.

கடைசியாக, இந்தக் கடிதத்தைப் படிக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு. வரும் மாதம் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நானும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரும் உட்கார்ந்திருப்போம். மாவட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய ஈகாசே விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கிறோம், காசு வேண்டாம். மைகார்டு (அடையாள அட்டை), சம்பளச் சீட்டு, வீட்டில் உள்ளவர்களின் பெயர் எல்லாம் கொண்டு வாருங்கள். கணக்கு இறந்துபோனவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழின் நகலையும் எடுத்து வாருங்கள், பெயர் மாற்றுவதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும். பில் ஈமெயிலுக்குப் போகிறதா, எந்தப் பிள்ளையின் ஈமெயில், அவன் அதைத் திறக்கிறானா என்று முன்னாலேயே ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். நாலாவது வீட்டு அம்மாவின் இன்சுலின் பெட்டி இன்னும் என் வீட்டுக் குளிர்ப்பெட்டியில்தான் இருக்கிறது, இங்கேயே இருக்கட்டும் ஐயா, அடுத்த மாதப் பில்லைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர்,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்